நாலு சுற்று பாக்கி

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் இன்னாசி. டிவியில் இக்னேஷியஸ் தல்மேதா என்று அடியில் எழுத்து ஓடுகிறது, நான் எழுத்துக் கூட்டுவதற்குள் ஓடி முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த மூஞ்சியைப் படிக்க எனக்கு எழுத்து வேண்டாம். அவனுக்குப் பிறகும் பலபேர் செய்தார்கள், பாட்டுக் குழு வைத்திருந்தவன் செய்தான், மெட்ராசிலிருந்து டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் செய்தான், சொந்த மச்சினன்கூடச் செய்தான், ஆனால் வரிசைக்குத் தலை இன்னாசிதான், அந்த இடத்தை நான் வேறு யாருக்கும் தர மாட்டேன். இப்போது அவன் எனக்குப் பின்னால் இருக்கிறான், நான் அவனைக் கண்ணாடியில் பார்க்கிறேன். வேலாண்டி சலூனில் டிவியைப் பின்சுவரில்தான் மாட்டியிருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தவன் எதையும் இடம்வலம் மாறித்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் அவன் இடது கைக்காரன் மாதிரி கிட்டாரைப் பிடித்திருக்கிறான். வெள்ளைத் தாடி. கழுத்தில் சிவப்புத் துண்டு, இஸ்திரி போட்ட துண்டு, மடிப்பு கலையவில்லை. அவனுக்கு எதிரே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்துகொண்டு, "சார், உங்க ஆரம்ப காலத்தைப் பத்திச் சொல்லுங்க" என்கிறது. நான் இதைப் பார்க்க வரவில்லை. இதைப் பார்க்கக் கூடாது என்றுதான் சவரத்துக்கு வந்தேன். காலையிலேயே என் பெண்டாட்டி பூவம்மா ஆரம்பித்துவிட்டாள், "இன்னைக்கு அவரு டிவில வாராராம், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க" என்று. அவரு. அவனுக்கு ஒரு அவரு. தாடியைத் தடவிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன், அவளாகச் சுவரைத் தடவிப் போயிருப்பாள், போகட்டும். வேலாண்டி கழுத்தில் துணியைக் கட்டி முடிச்சுப் போட்ட நேரத்தில் அவன் சிரித்துக்கொண்டு திரையில் வந்து உட்கார்ந்தான். முடிச்சுப் போட்ட பிறகு எங்கே எழுந்திருப்பது. "அண்ணாச்சி, ஒங்க ஆளு" என்று வேலாண்டி சத்தத்தைக் கூட்டினான். பெஞ்சில் முறைக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர் ராசாமணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "யாரு, இவரா? இவரா தல்மேதாகூட வாசிச்சாரு?" என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், துணி போர்த்திய உருவத்தில் என்ன தெரியும், சோப்பு நுரையும் இரண்டு செருப்பும் தெரிந்திருக்கும். "தும்பா வாசிச்சாருவே. இன்னைக்கு இவரு பேரச் சொல்லுவாரு பாரும்" என்றான் வேலாண்டி. சொல்லுவானா. எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். அவன் தாடி எனக்கு வேண்டாம், அவன் வாங்கிய மாலை எனக்கு வேண்டாம். சொல்லுவானா, சொன்னால் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லுவானா.

சொல்ல வேண்டிய விதம் என்று ஒன்று இருக்கிறது. மேடைக் கச்சேரி பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசிப் பாட்டுக்கு முன்னால் பாடகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுவான், பெயர் சொன்னதும் மற்றவர்கள் எல்லாரும் கையை எடுத்துவிடுவார்கள், பெயருக்கு உரியவன் மட்டும் தனியாக நாலு சுற்று வாசிப்பான், ஜனம் தட்டும், பிறகு அடுத்த பெயர். பெயர் ஒரு பாதி, நாலு சுற்று மறுபாதி. பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்க விடாமல் போனால் அது இலை போட்டுச் சோறு போடாத மாதிரி. எந்தக் குழுவிலும் இதுதான் வழக்கம், கலியாண வீட்டில் நாற்பது பேர் முன்னால் வாசித்தாலும் இதுதான். தும்பா என்பது இடுப்பு உயரத்துக்கு நிற்கும் மேளம், குச்சி கிடையாது, உள்ளங்கையால் அடிக்க வேண்டும், பகலில் ஹார்பரில் உப்பு மூட்டை சுமந்த கைக்கு அது பெரிய காரியம் இல்லை. எனக்கு வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. குழுவில் முதலில் பெட்டி தூக்கத்தான் போனேன், தும்பாக்காரன் குடித்துவிட்டுக் கவிழ்ந்த ஒரு கலியாணத்தில் என்னை நிறுத்தினார்கள், அப்புறம் அவனைக் கூப்பிடவில்லை. அந்தக் குழுவுக்கு இன்னாசி பாட வந்தான். பாளையங்கோட்டையில் காலேஜ் படிப்பு, அப்பன் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பெரிய கிளார்க்கு, மாதா கோயில் பாட்டுக் குழுவில் பழகிய குரல். சினிமாப் பாட்டு பாட வந்தவன் மூன்றாம் நாளே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான், "அண்ணே, இது நம்ம பாட்டு இல்லண்ணே, நம்ம ஜனத்துக்குப் பாட்டே இல்ல" என்றான். தனியாக இருக்கும்போது அண்ணே. காலேஜ் கூட்டாளிகள் வந்துவிட்டால் "கொம்பையா, அந்த ஸ்டாண்ட எடு" என்பான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். முதல் துரோகம் அதுதானோ என்று சில நேரம் நினைப்பேன், அண்ணேயை எடுத்துக் கீழே போட்டது, ஆனால் அதை எல்லாரும்தான் செய்தார்கள், அதை வரிசையில் சேர்த்தால் ஊரையே சேர்க்க வேண்டும். உப்பு ஏற்ற வந்த ஒரு கப்பலில் பனாமாப் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்த ஆட்கள், சாராயத்துக்கு எதையும் தருவார்கள். ஒருவன் ஒரு இசைத்தட்டைத் தந்துவிட்டுப் போனான். அட்டையில் ஒரு மீசைக்காரன், இரண்டு தும்பாக்கள். ரேடியோ ரிப்பேர் பார்க்கும் மாசிலாமணி கடையில் நானும் இன்னாசியும் அதைப் போட்டுக் கேட்டோம். தட்டின் ஓரம் கடித்த அப்பளம் மாதிரி உடைந்திருந்தது. ஆரம்பத்தில் ஊசியை வைக்க முடியாது, உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும், பாட்டு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் எங்களுக்குக் கிடைக்கும், கிளம்பிவிட்ட பஸ்ஸில் ஏறுவது மாதிரி. ஆனால் என்ன ஒரு பாட்டு. ஆடாமல் நிற்க முடியவில்லை, ஆனால் உள்ளே யாரோ அழுகிறான், ஆடிக்கொண்டே அழுகிறான். "அண்ணே, அவன் கரும்புக் காட்டுல கூலி வேல பாத்த கதையப் பாடுதாண்ணே" என்றான் இன்னாசி, அட்டையில் இங்கிலீசில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருப்பார்கள் அதில், பாட்டு முழுக்க அதுதான் முதுகெலும்பு. ஒரு சுற்றில் இரண்டு தட்டு, மூன்று தட்டு. இரண்டு, பிறகு மூன்று. நான் அப்படித்தான் எடுத்தேன், ஊசி விழுந்த இடத்தில் எனக்கு இரண்டுதான் முதலில் கேட்டது. இரவும் பகலும் அதையே தொடையில் தட்டிக்கொண்டு திரிந்தேன், மூட்டை சுமக்கும்போது கால்கூட அப்படித்தான் வைத்தேன். என் இரண்டு-மூன்றின் மேல்தான் இன்னாசி மெட்டுப் போட்டான், பேஸ் கிட்டார்க்காரன் என் கையைப் பார்த்துத்தான் விரல் வைத்தான். அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பாட்டை மூன்று, பிறகு இரண்டு என்று எடுத்திருக்கிறார்கள் என்பது பல வருசம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறேன், ஊர் அதைப் புதுச் சட்டை என்றுவிட்டது.

"ஆடாம இரும் அண்ணாச்சி, காது பக்கம் போறேன்" என்கிறான் வேலாண்டி. நான் ஆடவில்லை, தொடை ஆடுகிறது, அதற்குப் பழக்கம். கண்ணாடிக்குள் அந்தப் பெண்பிள்ளை அதையேதான் கேட்கிறது, யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள், "சார், லத்தீன் அமெரிக்கத் தாளத்தை நீங்க தலைகீழாத் திருப்பிட்டீங்கன்னு வெளிநாட்டுக்காரங்களே ஆச்சரியப்படுறாங்க, அது எப்படித் தோணுச்சு?" அவன் கண்ணை மூடுகிறான். எனக்கு அந்தக் கண்மூடல் தெரியும், பொய் சொல்வதற்கு முன்னால் கண்ணுக்குத் திரை போடுவான், அம்மாவிடம் சிகரெட்டுக்குப் பொய் சொல்லும்போதும் அப்படித்தான் மூடினான். "உலகமே தலைகீழா இருக்கும்மா. உழைக்கிறவன் கீழ கிடக்கான், உக்காந்திருக்கிறவன் மேல இருக்கான். நான் தாளத்தையாவது திருப்பிப் போடுவோம்னு நெனச்சேன். பின்னால நிக்க வேண்டிய ரெண்டு முன்னால வரட்டும். சின்னது முன்னால வரட்டும். அது என்னோட அரசியல்." பெண்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டுகிறது. ராசாமணி, "எப்பா, என்னமா சொல்லுதாரு" என்கிறான். வேலாண்டிகூடக் கத்தியை நிறுத்திவிட்டான். உடைந்த தட்டுடா. மாசிலாமணி கடையில் உடைந்த தட்டு, உன் அரசியல் அல்ல, என் காது. சொல்ல வாயைத் திறந்தேன், "வாய மூடும், மீசைக்கு வந்துட்டேன்" என்று வேலாண்டி மூக்கு நுனியைப் பிடித்துத் தூக்கினான். மூக்கைப் பிடித்தவனிடம் என்ன பேசுவது. பிற்பாடு பம்பாய்க்குக் கச்சேரிக்குப் போன இடத்தில் ஒரு கோவாக்காரன் இவனிடம் சொன்னானாம், தாளம் திரும்பி இருக்கிறது, தப்பு என்று. மாசிலாமணி மகன் அப்போது பம்பாயில் இவன்கூட இருந்தவன், அவன் வந்து சொன்னான். அன்றைக்கு இவன் ஹோட்டல் அறையில் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அந்த மூட்டை தூக்குத பய என்னக் கெடுத்துட்டானே" என்று என்னைத் திட்டினானாம். கெடுத்துட்டானே. தப்பாக இருந்தவரை அது என்னுடையது. வெள்ளைக்காரன் ஒருவன் அதை நன்றாக இருக்கிறது என்று பேப்பரில் எழுதியதும் அது அரசியலாகிவிட்டது. நான் மாசிலாமணி மகனிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், இன்னொரு தடவை, அவன் அலுத்துப்போய் எழுந்து போனான். எனக்கு அலுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் இன்னாசி அது என்னுடையது என்று ஒத்துக்கொண்டிருக்கிறான், திட்டிய வார்த்தையில். வேறு சாட்சி கிடையாது.

உப்பளத்துக்கு அவனைக் கூட்டிப் போனதும் நான்தான். "நம்ம ஜனத்தப் பாத்துத்தான் எழுதணும் அண்ணே" என்றான், சரி பார் என்று கூட்டிப் போனேன். புதுக் கைலி வாங்கி, செங்கல் தூளைத் தேய்த்துப் பழசாக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். பாத்தியில் வெறுங்காலோடு இறங்கினான், கொஞ்ச நேரத்தில் கால் வெடித்து உப்புத் தண்ணீர் ஏறி ஐயோ அம்மா என்று குதித்தான், பொம்பிளைகள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், என் ஆயுசில் அவ்வளவு நல்ல சிரிப்பு சிரித்ததில்லை. அந்தக் காயத்தைப் பத்து வருசம் பேட்டியில் காட்டினான். அப்போது உப்பளத்தில் வேலை பார்த்தே பூவம்மாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. உப்பு வெள்ளை, வெயில் வெள்ளை, இரண்டும் சேர்ந்து கண்ணுக்குள் அடிக்கும், கண்ணாடி போடு என்று யாரும் சொன்னதில்லை, சொன்னாலும் கண்ணாடி யார் தருவது. மதியம் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன், கருவாட்டுக் குழம்பு. வீட்டுக்குள் இருட்டு, அவன் தட்டுத் தடுமாறி, "அக்கா, விளக்கு ஏத்தலியா?" என்றான். அவள் சோற்றை அளந்து வைத்துக்கொண்டே, "வெயில உள்ள வாங்குன கண்ணுக்கு வெளக்கு எதுக்குய்யா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள், கொஞ்சம் இலைக்கு வெளியே போனது. நான் அவன் மூஞ்சியைப் பார்த்தேன். குருவியைப் பார்த்த பூனை மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டை அப்படியே விட்டான், எச்சில் கையோடு வாசலுக்குப் போனான், போகிற வழியெல்லாம் முணுமுணுத்தான். அடுத்த வாரம் பாட்டாக வந்தது, வெயில உள்ள வாங்குன கண்ணுக்கு வெளக்கு எதுக்கு ராசாவே. ராசாவே. என் பெண்டாட்டி யாரையும் ராசாவே என்று கூப்பிட்டதில்லை, என்னையே கூப்பிட்டதில்லை. அந்தப் பாட்டுதான் அவனை மெட்ராசுக்குக் கொண்டு போனது, அந்தப் பாட்டுக்குத்தான் இன்றைக்கும் கலியாண வீட்டில் குட்டைப் பாவாடை போட்ட பிள்ளைகள் இடுப்பை வெட்டி வெட்டி ஆடுகின்றன, ஒருத்தி கண் அவிந்ததற்கு. ஆடத்தான் செய்வார்கள், என் இரண்டு-மூன்று கிடக்கிறது அதற்கு அடியில், கல்லையே ஆட்டும். இதையெல்லாம்விட எனக்கு ஆறாதது பூவம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடித்தது. ரேடியோவில் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். "என்ன எல்லாரும் மறந்துருவாங்க, பாட்டு மறக்காதுல்ல" என்பாள். நான் ரேடியோவை இடம் மாற்றி வைப்பேன். கண் இல்லாதவளுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தாலே அது வேறு ஊர். சுவரைத் தடவி, அலமாரியைத் தடவி, பாட்டு முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள், நான் மறுபடி மாற்றுவேன், அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை யார் மாற்றியது என்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது பக்கத்து வீட்டில் டிவிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், என்னைப் பற்றி அவன் ஏதாவது சொல்லுவான் என்று அவளும் காத்திருப்பாள், அவளுக்கும் அது தெரிய வேண்டும், "ஒங்களுக்காகத்தான் கேட்டேன்" என்பாள், நான் நம்ப மாட்டேன்.

அந்த மேடை. எதை நினைத்தாலும் கடைசியில் அந்த மேடையில்தான் போய் இடிக்கிறது, சந்தில் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி முன்னாலும் போகாது பின்னாலும் வராது. துறைமுகத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு விழா. இன்னாசி சொந்தப் பாட்டு மட்டும் பாடிய முதல் மேடை அதுதான். குழு வழக்கமாகப் போடும் வெல்வெட் சட்டை கிடையாது, எல்லாரும் காக்கி போட வேண்டும் என்றான், எனக்கு அளவுக்குக் காக்கி கிடைக்காமல் வாட்ச்மேன் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்திருந்த ஜனம் இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிட்டது. மூட்டை சுமக்கிறவர்கள், உப்பளத்துப் பெண்கள், கிரேன் ஓட்டுகிறவன், எல்லாரும், ஒரே கடலாக ஆடினார்கள், கூலி கேட்ட பாட்டுக்கு ஆடினார்கள், செத்தவனைப் பற்றிய பாட்டுக்கு ஆடினார்கள். என் உள்ளங்கை பிளந்து மேளத்துத் தோலில் ரத்தம் பூசியிருந்தது, எனக்கு வலி தெரியவில்லை. பிறகு அவன் பெயர் சொல்ல ஆரம்பித்தான். பேஸ் கிட்டார் பெயரைச் சொன்னான், நாங்கள் கையை எடுத்தோம், அவன் நாலு சுற்று வாசித்தான். டிரம்பெட், நாலு சுற்று. ஆர்கன், நாலு சுற்று. டிரம்ஸ், நாலு சுற்று, கூடவே ஒன்று திருடி ஐந்தாக வாசித்தான். அடுத்தது நான். என் பக்கம் திரும்பினான். நான் இரண்டு கையையும் மேலே எடுத்துவிட்டேன், எடுக்க வேண்டும், பெயர் விழுந்ததும் கை விழ வேண்டும், அதுதான் முறை. எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும். அவன் என்னைப் பார்த்தான், என் கண்ணைத்தான் பார்த்தான், இதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, பார்த்துவிட்டு மைக்கில், "அடுத்த பாட்டு, நம்மளோட உக்காந்திருக்கிற ஒரு அக்காவப் பத்தினது. பூவம்மாக்கா, எந்திரிங்க. உப்பு எடுத்துக்கிட்ட கண்ண எல்லாரும் பாக்கட்டும்" என்றான். அவளை யாரோ பிடித்து எழுப்பினார்கள். ஜனம் தட்டியது. அவள் சத்தம் வந்த பக்கம் கும்பிட்டாள், ஜெனரேட்டர் பக்கம். ஜெனரேட்டரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சிரித்தார்கள். தட்டிக்கொண்டே சிரித்தார்கள். என் கை மேலேயே இருந்தது. ஒன்று இரண்டு மூன்று என்று அவன் பாட்டை எடுத்துவிட்டான், எடுத்தால் அடிக்கத்தானே வேண்டும், கை இறங்கிவிட்டது, எனக்கு முன்னால் அது இறங்கிவிட்டது, நாய் மாதிரி, கூப்பிட்டவன் யார் என்று பார்க்காமல். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு நான் அடிக்காமல் நின்றிருந்தால் அவன் பாட்டு அங்கேயே செத்திருக்கும், இடுப்பு ஒடிந்த மாதிரி உட்கார்ந்திருக்கும், இன்றைக்கு இந்த டிவியில் உட்கார்ந்திருக்க மாட்டான். மேடைக்குப் பின்னால் அவனிடம் கேட்டேன், "எம் பேர ஏன் சொல்லல?" அவன் துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டே, "ஒங்க பேரச் சொல்லணுமாண்ணே? ஊருக்கே தெரியுமே" என்றான். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "சரி சரி, அடுத்த மேடைல ஒங்கள வச்சே ஆரம்பிக்கேன், மாதா மேல சத்தியம்" என்றான். மாதா மேல சத்தியம் என்றான். வீட்டுக்குப் போகிற வழியில் பூவம்மா, "எல்லாரும் கை தட்டுனாங்கல்ல, எவ்வளவு பேரு இருந்தாங்க?" என்று கேட்டாள். யாருமே இல்லை என்று சொன்னேன்.

அடுத்த மேடை மெட்ராசில். அங்கே தாளில் எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்கிறவர்கள்தான் வேண்டுமாம், எனக்குத்தான் எழுத்தே ஓடிவிடுகிறதே. ஒரு மாதம் கழித்து ஒரு ஆள் வந்தான், வழுக்கை, கக்கத்தில் டேப் ரிக்கார்டர். மெட்ராஸ் தும்பாக்காரனுக்கு அந்தத் தாளம் பிடிபடவில்லையாம், மூன்றிலேயே போய் விழுகிறானாம். "தல்மேதா சார் ஒங்களத்தான் கேக்கச் சொன்னாரு, வேற யாராலயும் முடியாதுன்னாரு" என்றான். அதைக் கேட்டு நான் இளித்தேன், அந்த இளிப்புக்கு என்னையே அறையலாம். சாயங்காலம் வரை வாசித்தேன், அவன் நிறுத்தச் சொல்ல நிறுத்தி, மெதுவாகச் சொல்ல மெதுவாக. பூவம்மா டீ போட்டுக் கொடுத்தாள். என் கையை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனைக் கேட்டேன், "கச்சேரில கடைசில பேரு சொல்லும்போது?" "யாரு பேரு?" என்றான்.

"ஒரு பக்கம் முடிஞ்சுது" என்று வேலாண்டி என் தலையை மறுபக்கம் திருப்பினான், கண்ணாடி போய்விட்டது, சுவரும் கரப்பான் மருந்து டப்பாவும்தான் தெரிந்தன. காது மட்டும் பின்னால் இருந்தது. அந்தப் பெண்பிள்ளை கேட்டது, "அந்த முதல் மேடையில உங்ககூட யாரெல்லாம் சார் இருந்தாங்க?" வேலாண்டி கத்தியைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். "இந்தா, இப்பச் சொல்லப்போறாரு" என்றான் மெதுவாக. ராசாமணி பெஞ்சை இழுத்துப் போட்டான். எனக்கு நெஞ்சு அடிக்கவில்லை, தொண்டையில் கத்திக்கு அடியில் நரம்புதான் அடித்தது, இரண்டு, மூன்று, அதிலும் அப்படித்தான் அடித்தது. இன்னாசி கண்ணை மூடியிருப்பான், எனக்குத் தெரியும். அப்புறம் அந்தக் குரல், வயசாகி உடைந்த குரல், "எல்லாத்துக்கும் முன்னால ஒருத்தரச் சொல்லணும்மா. கொம்பையா அண்ணன்." சொல்லிவிட்டான். கொம்பையா அண்ணன் என்று சொன்னான், அண்ணன் என்றும் சொன்னான், என்னை வைத்தே ஆரம்பித்தும் விட்டான். ராசாமணி தொடையில் அடித்துக்கொண்டு, "யோவ், சொல்லிட்டாருய்யா!" என்றான். துணிக்கு உள்ளே என் இரண்டு கையும் மேலே எழுந்துவிட்டன. நான் எழுப்பவில்லை. அவை அந்த மைதானத்திலிருந்து அப்படியே எழுந்து வந்தன, உள்ளங்கை விரிந்து, முழங்கை மடங்கி, விழத் தயாராக. இனி எல்லாரும் கையை எடுப்பார்கள். இனி சத்தம் நிற்கும். "உப்பு மூட்டை தூக்குற தொழிலாளிம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கையில இருந்த உழைப்புதான் என் தாளம். அவர் இப்ப இல்ல. ரொம்ப வருசத்துக்கு முன்னாலயே போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். குடிதான் காரணம்னாங்க. அந்த மாதிரி மனுசங்களுக்காகத்தான் நான் இன்னமும் பாடுறேன்." மூக்கை உறிஞ்சினான். அந்தப் பெண்பிள்ளையும் உறிஞ்சியது. நான் குடித்ததே கிடையாது. வேலாண்டி கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு என் மூஞ்சியைக் குனிந்து பார்த்தான், சிரிப்பை அடக்குகிறான், அடக்க முடியவில்லை, பெஞ்சில் ராசாமணி வெடித்துவிட்டான், "ஏலே வேலாண்டி, பொணத்துக்கா சவரம் பண்ணிக்கிட்டு இருக்க!" இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், வேலாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "தப்பா எடுத்துக்கிடாதேரும் அண்ணாச்சி, மெட்ராசுல இருக்கவருக்கு என்ன தெரியும்" என்று கத்தியைத் துணியில் துடைக்கிறான். பக்கத்து வீட்டில் பூவம்மாவும் கேட்டிருப்பாள். இங்கே இருக்கிறவர்களுக்காவது என் உருவம் கண் முன்னால் இருக்கிறது, நுரையும் செருப்பும். அவளுக்கு அவன் குரல்தான் இருக்கிறது, நான் பேசாத வரைக்கும் அங்கே நான் இல்லை. அவளிடம் போய்ப் பேச வேண்டும், பேசினால் நம்புவாள். பேசுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் ரேடியோவைக் கடைசியாக எங்கே மாற்றி வைத்தேன் என்று பார்க்க வேண்டும். அண்ணன் என்று சொல்ல அவனுக்கு நான் செத்திருக்க வேண்டியிருந்தது. சொல்லட்டும், அதை வாங்கிக்கொள்கிறேன், பெயர் வந்தது, பாதி வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுபாதி எங்கே. பெயருக்குப் பிறகு வாயை மூட வேண்டும், அதுதான் முறை, அவனுக்குத் தெரியாதா, அவனே அன்றைக்கு ஐந்து சுற்று வாசித்த டிரம்ஸ்காரனுக்கு வாயை மூடிக்கொண்டு நின்றவன்தானே. மூடவில்லை. பேசிக்கொண்டே போகிறான், "அப்புறம் பேஸ் கிட்டார்ல நம்ம..." என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டான். "கையக் கீழ போடும் அண்ணாச்சி, துணி கூடாரம் மாதிரி நிக்கி, கழுத்துல இன்னும் கொஞ்சம் கெடக்கு, கத்தி பட்டுரும்" என்கிறான் வேலாண்டி. படட்டும். அன்றைக்கு ஒரு தடவை இறங்கிவிட்டது, கூப்பிடாமலே இறங்கிவிட்டது, இன்றைக்கு இறங்காது. வலிக்கிறது, தோள்பட்டை வயசைச் சொல்கிறது, துணி ஆடுகிறது. இறக்க மாட்டேன். அவன் வாயை மூடட்டும். எனக்கு நாலு சுற்று வர வேண்டும்.